முதுகுக் காடு

ஆலங்கட்டி மழை பெய்து கள்ளிக்காடு மொத்தமும் கூழாகிப்போன வருஷம், சான் பார்தோலோ என்ற ஊரில் சிரீலா என்கிற கர்ப்பிணிப் பெண்ணின் முதுகில் கிரானாப் பூச்சி பிடித்தது. மெக்சிகோ தேசத்தில், வஹாக்கா மலைகளுக்கு நடுவே இருந்த ஊர் அது; வரைபடத்தில் தேட வேண்டாம், இதைக் கேட்டு முடித்த பிறகு அங்கே போக யாருக்கும் மனம் வராது. பிடித்தது என்பது அந்த ஊர்க்காரர்களின் சொல். கள்ளி மடலில் பூச்சி ஏறி, காலூன்றி, சாறு உறிஞ்சத் தொடங்கிவிட்டால் ‘பிடிச்சிருச்சு’ என்பார்கள், நம்மூரில் ஒட்டுமாங்கன்று பிடித்துவிட்டது என்று சொல்வோமே, அப்படி. சிரீலாவின் முதுகைப் பார்த்தபோதும் அதையேதான் சொன்னார்கள், குரல்கூட உயரவில்லை.

நம் வேலியோரத்தில் முள்ளும் சிவப்புப் பழமுமாக நிற்கிற சப்பாத்திக்கள்ளிக்கு மெக்சிகோதான் தாய்வீடு. இங்கே அதை யாரும் சீந்துவதில்லை. அங்கே மடலின் முள்ளைச் சீவி, நறுக்கி, வதக்கித் தின்கிறார்கள், பழத்தைச் சந்தையில் கூறு வைத்து விற்கிறார்கள், தேசக் கொடியிலேயே கழுகுக்குக் கீழே அதை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த மடலின்மேல் ஒட்டடை படிந்தாற்போல வெள்ளையாக அப்பிக் கிடக்கும் பூச்சிதான் கிரானா. பார்த்தால் பூஞ்சை, நகத்தால் நசுக்கினால் ரத்தம். ரத்தம் என்றுதான் தோன்றும், ஆனால் சாயம். எலுமிச்சை பிழிந்தால் நெருப்புச் சிவப்பாகும், சாம்பல் கலந்தால் ஊதாவாகும். ஸ்பெயின்காரர்கள் அந்த நாட்டை ஆண்ட காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடியாகக் கப்பல் கப்பலாக ஏற்றிப்போனது இதைத்தான். அங்கே ராஜாக்களும் கார்டினல்களும் இதில் தோய்த்த அங்கியைப் போட்டுக்கொண்டு, இது ஏதோ செடியின் விதை என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். பூச்சியை உடுத்திக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாத அந்தப் பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசிச் சிரிக்காத கல்யாண வீடு சான் பார்தோலோவில் கிடையாது.

ஊருக்குக் காவல் புனித பர்த்தலமேயு. இயேசுவின் சீடர்களில் ஒருவரான அவரை உயிரோடு தோலுரித்துக் கொன்றார்கள் என்பது ஐதீகம். ஆகவே கோயிலில் இருந்த மரச்சிலை தசையெல்லாம் தெரிய நின்று, உரித்த தன் தோலை மடித்து முழங்கையில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டிருக்கும், குளிக்கப் புறப்பட்டவரைப் போல முகத்தில் ஒரு சாந்தத்தோடு. ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்கு அந்தத் தோலில்லாத உடம்புக்குக் கிரானாச் சிவப்பில் புதுப் போர்வை சாத்த வேண்டும். பழைய போர்வையோடு சாமி தெருவில் வந்தால் பக்கத்து ஊரான சான் அந்திரெஸ்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சாமியின் கோபத்தைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் ஊர் அதிகம் பயந்தது.

சிரீலா அந்தச் சான் அந்திரெஸில் பிறந்தவள். அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன், அவளுக்கு மசக்கை தெளிவதற்குள் எல்லை தாண்டி வடக்கே அமெரிக்காவுக்குப் போனான், போனவன் போனவன்தான். போகிற அவசரத்தில் தன் தெக்கியோவை முடிக்காமல் போய்விட்டான். தெக்கியோ என்றால் ஊர் வேலை, நம் பக்கத்துக் குடிமராமத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்: வாய்க்கால் தூர்வார, பாதை போட, பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய, கூலி கேட்காமல் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். நின்றால் நீ ஊர்க்காரன். ஊர்க் கிணற்றில் தண்ணீர் உண்டு, கூட்டத்தில் கை உயர்த்தலாம், செத்தால் ஊர்க் கல்லறையில் இடம் உண்டு. நிற்காவிட்டால் உன் வீடு ஊருக்குள் இருக்கும், நீ இருக்க மாட்டாய். சிரீலா தானே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய் நின்றபோது, பெயருக்கு முன்னால் மரியாதைக்குத் ‘தோன்’ போட்டு ஊர் அழைக்கும் தலைவர் தௌரினோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “வேணாம்மா, வயித்துப்புள்ளக்காரி. ஊருக்கு என்ன கல் நெஞ்சா? வீட்டுக்குப் போய்ப் படு,” என்றார். மறுநாள் அவள் கிணற்றுக்குப் போனபோது வாளியைக் கொடுக்கவில்லை. வேலைக்கு ஆள் வராத வீட்டுக்குத் தண்ணீர் கிடையாதாம். தோன் தௌரினோ நல்ல மனிதர்தான். யாருக்காவது கேடு செய்வதற்கு முன்னால் தவறாமல் தொப்பியைக் கழற்றுவார்.

அதனால்தான் ஆலங்கட்டி விழத் தொடங்கிய அந்தப் பிற்பகலில், எல்லோரும் கூரையைத் தேடி ஓடியபோது, சிரீலா கள்ளிக்காட்டைத் தேடி ஓடினாள். பூச்சி பிடித்த மடல் ஒன்றையாவது காப்பாற்றிக் கொடுத்தால் ஊர் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்பது அவள் எண்ணம், கிறுக்கு எண்ணம், ஆனால் வயிற்றையும் தூக்கிக்கொண்டு தூரத்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கிறவளுக்கு வேறு எண்ணம் வராது. பெரிய மடலாக ஒன்றை அறுத்து, அந்த ஊர்ப் பெண்கள் குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளும் நீளச் சால்வையில் வைத்து, தன் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோழிமுட்டை அளவுக்கு விழுந்த கட்டிகளுக்குத் தலையையும் தோளையும் கொடுத்தபடி வீடு வந்து சேர்ந்தாள். அவிழ்த்துப் பார்த்தபோது மடல் வெறும் பச்சையாக இருந்தது. பூச்சிகளெல்லாம் அவள் முதுகுக்கு மாறியிருந்தன.

பழைய மடலைப் புது மடலோடு சாய்த்துக் கட்டி வெயிலில் வைத்தால் பூச்சி இதிலிருந்து அதற்கு ஏறும். கிரானா விதைப்பது அப்படித்தான், அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆகவே யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், “பிடிச்சிருச்சா?” என்று கேட்டார்கள், “பிடிச்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டார்கள், தோள்பட்டையைவிட இடுப்புப் பக்கம் நெருக்கமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அங்கேதான் சதை அதிகம் என்று இன்னொருவர் காரணம் சொன்னார். தௌரினோ ஒரு பூச்சியை எடுத்து உள்ளங்கையில் நசுக்கி எலுமிச்சையை விட்டார். அப்படி ஒரு சிவப்பை அந்த ஊர் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வாயில் எச்சில் ஊறியது, ஏனென்று அவர்களுக்கே தெரியவில்லை.

கோயில் வாசலில் கூட்டம் கூடியது. சிரீலாவுக்கு அங்கே பேச உரிமை இல்லை, ஆனால் அன்று முதுகை முன்னிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சாய்ந்துகொள்ள முடியாமல் நுனியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, சந்தோஷமாக, “இதுதான் என் வீட்டுத் தெக்கியோ,” என்றாள். அந்தச் சொல்லை மட்டும் அவள் விழுங்கியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. தெக்கியோவுக்கு என்று வாய்விட்டுச் சொன்னதைத் திரும்ப வாங்கும் வழக்கம் அங்கே கிடையாது. ஒருவன் தன் மாட்டைச் சொல்லிவிட்டால் அது நுகத்தடியில் விழுந்து சாகும்வரை ஊர் மாடு, நிலத்தைச் சொல்லிவிட்டால் அது ஊர் நிலம். தோன் தௌரினோ மெல்லத் தொப்பியைக் கழற்றினார். கூட்டம் கைதட்டியது. அன்று மாலையே அவள் வீட்டுக்கு ஊர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது, சிரீலா அதைப் பார்த்து அழுதாள், அது நல்ல அழுகைதான்.

ஊர் அவளை நன்றாகவே வைத்துக்கொண்டது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். கோழிக்குக் கிரானா என்றால் உயிர் என்பதால் அந்தத் தெருவில் கோழி வளர்ப்பதை நிறுத்தினார்கள்; ஓணானை விரட்ட ஆள் வைத்தார்கள்; முற்றத்தில் ஓலைக்கீற்று வேய்ந்து, மழைக்கு மூடவும் வெயிலுக்குத் திறக்கவும் கயிறு கட்டினார்கள். பெண்கள் முறைபோட்டு சோளரொட்டியும் அவரையும் கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளைப் பாயில் குப்புறப் படுக்கவைத்து, மான்வால் துடைப்பத்தால் பூச்சியை முறத்தில் கூட்டி எடுத்து, வெயிலில் காயவைத்தார்கள், தாய்ப்பூச்சிகளை மட்டும் அடுத்த வெள்ளாமைக்கு விட்டுவிட்டு. கூட்டும்போது அவள் முதுகுக்கு மேலே கல்யாணப் பேச்சு நடக்கும், சந்தை விலை அலசப்படும். தோள் பக்கத்துக்கு மேலக்காடு, இடுப்புப் பக்கத்துக்குக் கீழக்காடு என்று பெயர் வந்தது. முதுகெலும்பு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் யார் கூட்டுவது அந்தப் பக்கம் யார் கூட்டுவது என்று இரண்டு குடும்பங்களுக்குச் சண்டை மூண்டு, ஒருத்தன் மண்டை உடைந்து, பிறகு அவள் முதுகிலேயே கரியால் கோடு போட்டுச் சமாதானம் பேசி முடித்தார்கள்.

கிராமங்களுக்குக் கட்டாயச் சேவைக்கு வரும் இளம் டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது புண், இதைச் சுரண்டி எடுத்து மருந்து போட வேண்டும் என்று கத்தினார். அவருக்கு ஊர் சார்பில் கொழுத்த வான்கோழி ஒன்றைக் கொடுத்து, பஸ் நிறுத்தம்வரை வாத்தியக்குழுவோடு போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. இதே பூச்சியை ஒரு கழுதையின் மேல் கட்டிப் பார்த்தார்கள், செத்துவிட்டது. ஓர் ஊர்க்குடிகாரனின் மேல் கட்டிப் பார்த்தார்கள், பூச்சி சாக, அவனும் சீழ்வைத்து மாதக்கணக்கில் கிடந்தான். சிரீலாவைத் தவிர வேறு தோலில் இது பிடிக்காது என்று ஊர் முடிவுக்கு வந்தது.

நடுவில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆலங்கட்டி வருஷத்துக் குழந்தை என்பதால் நியேவெஸ் என்று பெயர் வைத்தார்கள், பனி என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பெத்ரோனா ஞானத்தாயாக நின்றாள். ஞானத்தாயும் பெற்றவளும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட வேண்டும், அந்த உறவு வந்துவிட்டால் அதுவரை ‘நீ’ சொன்னவர்கள் ‘நீங்க’ சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஞானஸ்நானம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிரீலா சால்வையை விரித்தாள். எல்லாத் தாய்மார்களையும் போலக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகலாம் என்பதற்கு மேல் அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை. பெண்கள் பதறிப்போய்ச் சால்வையைப் பிடுங்கினார்கள்.

“கீழக்காடு முழுக்க நசுங்கிப் போயிரும்!” என்றாள் ஒருத்தி.

தோன் தௌரினோ வந்து தொப்பியைக் கழற்றி, “அது இப்ப உன் முதுகு இல்லம்மா, ஊர் முதுகு. புள்ளய நாங்க சுமக்கறோம், நீ கவலப்படாத,” என்றார்.

சுமந்தார்கள். குழந்தை சுமப்பதையும் தெக்கியோவில் சேர்த்துவிட்டார்கள். நியேவெஸ் ஊர்ப் பெண்கள் எல்லோருடைய முதுகிலும் வளர்ந்தாள், ஒவ்வொரு முதுகின் வாசனையும் வியர்வையும் அவளுக்குத் தெரியும், அதிகம் ஏறியது பெத்ரோனாவின் முதுகில். பசிக்கும்போது சிரீலாவிடம் கொண்டுவருவார்கள்; பால் குடித்து முடித்ததும் குழந்தை தானாகவே வேறு யார் பக்கமாவது கையை நீட்டும். குப்புறக் கிடந்து கிடந்து சிரீலாவுக்கு ஊர்க்காரர்கள் பாதங்களாகத்தான் தெரிந்தார்கள். மகளின் பாதம் அவளுக்கு அத்துப்படி, கட்டைவிரலைவிடப் பக்கத்து விரல் நீளமான சின்னப் பாதம், எங்கே ஓடினாலும் புழுதியில் அதன் தடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

நியேவெஸுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒருநாள், பார்த்துக்கொள்கிறவள் அயர்ந்த நேரம், அந்தப் பாதங்கள் ஓடிவந்தன. குழந்தை பின்னாலிருந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டது. சிரீலா ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அசையாமல் இருந்தாள். பிறகு பிள்ளையை முன்னால் இழுத்துப் பார்த்தபோது முன்னங்கையில் நாலைந்து பூச்சி ஏறியிருந்தது. செத்துவிழும் என்று காத்திருந்தாள். சாகவில்லை, காலூன்றின, வெள்ளை மாவு பூத்தது. சிரீலா ஒவ்வொன்றையும் தோலோடு பிய்த்து எடுத்தாள், குழந்தை வீறிட்டது, சத்தம் கேட்டு வந்தவள் பெத்ரோனா.

“கொமாத்ரே, இத யார்கிட்டயும் சொல்லிராதீங்க,” என்றாள் சிரீலா. “உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்.”

“சொல்ல மாட்டேன், கொமாத்ரே. சாமி மேல ஆணை,” என்றாள் பெத்ரோனா. பதினைந்து வருஷம் சொல்லவும் இல்லை. அவளை நான் முழுக்கத் திட்டிவிட முடியாது.

அன்றிலிருந்து அந்தப் பாதங்கள் முற்றத்துக்குள் வந்தால் சிரீலா மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். “போ! கிட்ட வராத! போ சனியனே!” என்று கத்துவாள், கத்திவிட்டுப் பாயைக் கடித்துக்கொள்வாள். நியேவெஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். இன்றைக்காவது கூப்பிடுவாளா என்று ஐந்து வயதில் நின்றாள், பத்து வயதில் நின்றாள், பதினைந்து வயதில் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு நின்றாள். தன் கையிலிருந்த தழும்பைப் பற்றிக் கேட்டபோது, சின்ன வயதில் அம்மா கிள்ளியது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை அவள் நம்பினாள்.

கள்ளிக்காடு எப்போதோ மறுபடி தழைத்துவிட்டது. மடலில் கிரானா பழையபடி பிடித்தது, பழையபடி சிவந்தது, ஆனால் சிரீலாவின் சிவப்பைப் பார்த்த கண்ணுக்கு அது செங்கல் தூளாகத் தெரிந்தது. சாமி போர்வையைப் பார்க்க நகரத்திலிருந்து ஆள் வந்தது, சான் அந்திரெஸ்காரர்கள் சிரிப்பதை விட்டு வயிறெரிந்தார்கள், அந்த வயிற்றெரிச்சலின் ருசி ஊருக்குப் பழகிவிட்டது. சிரீலாவை விட்டுவிடலாம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவளோ அறுத்துப் போட்ட மடல்போல ஓரம் சுருண்டு வற்றிக்கொண்டே வந்தாள். நியேவெஸுக்குப் பதினெட்டு முடிந்த கோடையில் அவளால் பாயிலிருந்து எழ முடியாமல் போனது.

“கொமாத்ரே,” என்று கூப்பிட்டாள். பெத்ரோனா குனிந்தாள். “நான் போனதும் என் மேல சுண்ணாம்பக் கொட்டிருங்க. சோளம் ஊறவைக்க வச்சிருக்கீங்கல்ல, அந்தச் சுண்ணாம்பு போதும். ஒரு பூச்சி மிஞ்சக் கூடாது. அவ கை என் மேல பட விட்றாதீங்க. அன்னிக்கே பஸ் ஏத்தி வஹாக்கா நகரத்துக்கு அனுப்பிருங்க. அங்க போய் எதையாச்சும் பண்ணிப் பொழச்சுக்குவா.”

“சரி, கொமாத்ரே.”

“அவகிட்ட…” என்று ஆரம்பித்துவிட்டு, “வேணாம். கோவத்தோடயே போகட்டும். கோவம் இருந்தா திரும்பி வர மாட்டா,” என்றாள் சிரீலா. அதற்கடுத்த விடியலில் இறந்துபோனாள், குப்புறத்தான்.

பெத்ரோனா சுண்ணாம்புப் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது அங்கே தோன் தௌரினோ நின்றிருந்தார், பின்னால் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும். நன்றாக வயதாகிவிட்டது அவருக்கு. பானையைப் பார்த்தார்.

“திருவிழா நெருங்குது, பெத்ரோனா. பூச்சி இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல தாங்காது,” என்றார். “வேற முதுகுல வச்சுப் பாக்கணும். குடிகாரன்கிட்ட பிடிக்கலன்னா பொண்ணுங்ககிட்ட பிடிக்காதுன்னு இல்ல. சீழ் வச்சா வைக்கும், என்ன பண்றது, ஒவ்வொருத்தரா பாக்க வேண்டியதுதான். மூத்ததுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு பேசியிருக்கோம்.” தொப்பியைக் கழற்றினார். “உங்க ஒதீலியாதானே ஊர்ல கல்யாணமாகாத மூத்த பொண்ணு?”

வீட்டுக்குள் மகள் ஒதீலியா சோளம் அரைக்கிற சத்தம் கேட்டது. பெத்ரோனா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். எந்தத் தாயும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது, நிறுத்தியவர்கள் நாசமாகப் போக. அவள் பானையைக் கீழே வைத்தாள்.

“நியேவெஸ்,” என்றாள். “அந்தப் புள்ள மேல பிடிக்கும். நான் என் கண்ணால பாத்திருக்கேன்.”

அதன்பிறகு எல்லாம் அமைதியாக, மரியாதையாக நடந்தது. நியேவெஸிடம் தெக்கியோ என்று கேட்டால் மறுத்துவிடுவாள், மறுத்தவளைக் கட்டாயப்படுத்துவது ஊர் வழக்கத்துக்கு விரோதம். ஆனால் பிடித்துவிட்ட பிறகு அவள் அம்மாவைப் போல அவளே ஒருநாள் எழுந்து நின்று சொல்லிவிடுவாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். சிரீலாவுக்கு ஊர்க் கல்லறையில் மரநிழலாகப் பார்த்து இடம் ஒதுக்கினார்கள். வாத்தியக்குழு வந்தது. சவப்பெட்டி மட்டும் வரவில்லை.

“உங்கம்மா இத்தன வருஷத்துல ஒருநா மல்லாந்து படுத்ததில்ல, வானத்தப் பாத்ததில்ல,” என்றார் தோன் தௌரினோ நியேவெஸிடம், தொப்பி கையில். “பொட்டியில போட்டு மூடிட்டா திரும்பவும் இருட்டுதான். நீ சுமந்துட்டுப் போம்மா. முதுகோட முதுகா சேத்துக் கட்டிவிடறோம். வானத்தப் பாத்துக்கிட்டே போகட்டும்.”

சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கூடியிருந்த பெண்களும் அழுதார்கள். அவர்கள் நடிக்கவில்லை, உண்மையாகவே அழுதார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மற்ற தோலில் பூச்சி செத்துவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நியேவெஸ், அவளுக்குப் பயம் இல்லை. இருந்திருந்தாலும் மறுத்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றவளை முதல்முறையாக உள்ளே கூப்பிடுகிறார்கள். பெத்ரோனா வந்து அவள் சட்டையின் பின்பக்கக் கொக்கிகளைக் கழற்றினாள்.

“எதுக்கு, மத்ரீனா?” என்றாள் நியேவெஸ். ஞானத்தாயைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“துணி மேல வழுக்கும்டி.”

அம்மாவைத் தூக்கி வைத்தார்கள். காய்ந்த மடலுக்கு இருக்கும் கனம்கூட இல்லை. பெத்ரோனா, இந்தப் பெண்ணை எத்தனையோ தடவை தன் முதுகில் கட்டிச் சுமந்த அதே சால்வையை எடுத்து, இரண்டு உடம்பையும் சேர்த்துச் சுற்றி, நெஞ்சுக்கு முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

“மத்ரீனா,” என்று காதோடு கேட்டாள் நியேவெஸ், “அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காதே. இப்ப நான் தூக்கினா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

பெத்ரோனா முடிச்சைப் பார்த்துக்கொண்டே, “பிடிக்கும்,” என்றாள்.

கல்லறைக்குக் குறுக்கு வழி இருந்தது, யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. உச்சி வெயிலில், நிழலே இல்லாத மேட்டுப் பாதையில், தழைத்து நின்ற கள்ளிக்காட்டைச் சுற்றிக்கொண்டு, வாத்தியம் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மெதுவாக நடந்தார்கள். நியேவெஸ் வேகமாக எட்டு வைத்தபோதெல்லாம் யாராவது ஒருவர் பின்னாலிருந்து, “மெதுவாம்மா, மெதுவா. அவசரம் ஒண்ணும் இல்ல,” என்றார்கள். சிரீலா மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி போனாள், கண் பாதி திறந்திருந்தது, வாழ்நாளெல்லாம் ஏங்கிய மகள் கடைசியில் அவள் முதுகில் இருந்தாள்.

குழி வெட்டியிருந்த இடத்துக்கு வந்ததும் நியேவெஸ் நின்றாள். அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது.

“மத்ரீனா, அம்மா முதுகு சூடா இருக்கு. செத்தவங்க சில்லுன்னு இருப்பாங்கன்னு சொன்னீங்களே? கூசுது. யாரோ சின்னச் சின்ன விரலால தடவிக் குடுக்கற மாதிரி இருக்கு. அம்மாதானே?”

தோன் தௌரினோ கிட்டே வந்து, சால்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி, அந்த இரண்டு முதுகுகளுக்கும் நடுவே குனிந்து, நிதானமாகப் பார்த்தார். வாத்தியம் நின்றது.

“பிடிச்சிருச்சு,” என்றார்.

“நெசமாவா?” என்று கேட்டாள் நியேவெஸ், அழுகையும் சிரிப்புமாக. “என்னைப் பிடிச்சிருக்கா?”

ஊர் ஆண்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்கள்.